நாட்டுக்கோழி: அண்ணாமலைச் சீமையில் முட்டையும் அடையும்

நாட்டுக்கோழி, பகலில் மேயவிட்டு இரவில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்க்கப்படும் வீட்டுப்பறவை. கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை உள்ளிட்ட திருவண்ணாமலை மாவட்ட ஊர்களின் புழக்கடைகளில் பெண்களின் கைக்காசாக நெடுங்காலம் இருந்துவருகிறது. முட்டைக் கணக்கை மட்டும் பார்த்தால் இது பண்ணைக்கோழியிடம் தோற்கும். அடை உட்கார்ந்து குஞ்சு பொரித்துக் காப்பாற்றும் திறனையும் சேர்த்தே இதை மதிப்பிட வேண்டும்.

வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் செங்காட்டுக்கோழி. நம் சவ்வாது மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழி வேறு இனம். அதன் அறிவியல் பெயர், புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னெராவின் பெயரால் அமைந்தது. அதுவே மூதாதை என்ற பழைய கருத்தை டார்வின் மறுத்தார். ஆனால் கோழிக்கால்களின் மஞ்சள் நிறத்துக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிலிருந்தே வந்தது என 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. தென்னிந்தியக் காட்டுக்கும் இந்தப் பறவையில் பங்கு உண்டு.

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட சேவலுக்கு எடுத்த நடுகல் நிற்கிறது. சேவலின் உருவமும் வட்டெழுத்தும் கொண்ட அக்கல் சுமார் 5-ஆம் நூற்றாண்டினது. அது முகையூர் மேற்சேரிக் கோழி என்பதையும் எழுத்து சொல்கிறது. செங்கம் பகுதியில் ஆநிரைப் போரில் பட்ட வீரர்களுக்குக் கிடைத்த சிறப்பு இங்கே ஒரு சேவலுக்குக் கிடைத்திருக்கிறது. குடும்பத்துக்கு முட்டையும் குஞ்சும் தந்த பெட்டைக்கோழிக்கு அப்படி ஒரு கல் நடப்படவில்லை. அதன் வரலாறு வளர்த்தவர்களின் கைப்பழக்கத்தில்தான் தங்கியிருக்கிறது.

அவர்கள் கோழியைச் சிறுவிடை, பெருவிடை என்று பிரிப்பார்கள். பெருவிடை உயர்ந்த, கறி பிடித்த உடல், சண்டைச் சேவல்கள் இவ்வகை, முட்டை குறைவு. சிறுவிடை சிற்றுடல், நல்ல தாய். ஆறு மாதத்தில் முட்டைக்கு வந்து, ஈடுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு அடைக்கு உட்காரும். 21 நாளில் பொரித்தபின் இரண்டு மாதமாவது குஞ்சுகளோடு திரிந்து, பருந்தைக் கண்டால் சிறகுக்குள் அணைக்கும். பிறகுதான் அடுத்த ஈடு. ஒரு முட்டை உருவாகச் சற்றேறக்குறைய 25 மணி நேரம் ஆவதால் முட்டையிடும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போய், இடையே ஒரு நாள் விட்டுப்போகும். புரோலாக்டின் என்னும் சுரப்பு கூடியதும் அடை வேகம் பிடித்து, முட்டை அடியோடு நின்றுவிடும். ஆண்டுக்குச் சில டஜன் முட்டையே கிடைப்பதற்கு இதுவே காரணம்.

இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய வெள்ளை லெகார்ன், அடை உணர்வு அநேகமாக நீங்கும்வரை தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம். அதன் வழிவந்த கலப்பினங்கள் நாமக்கல் கூண்டுகளில் ஆண்டுக்கு 300-க்கு மேல் இடுகின்றன. விலை நிர்ணயிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-இல் அமைந்தது. 1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. ஏழைப் பிள்ளைகளின் தட்டுக்கு முட்டை வந்தது இந்தக் கோழியால்தான். ஆனால் சேவல் சேராத அந்த முட்டை பொரிக்காது. குஞ்சு வேண்டுமானால் மீண்டும் குஞ்சுப்பண்ணையில் வாங்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே நந்தனம் கோழியும், ஹைதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியாவும் வந்தன. இவை முட்டை கூடுதலாகத் தந்தாலும் அடையில் நம்பத்தக்கவை அல்ல. எனவே இவற்றின் முட்டைகளைச் சிறுவிடையின் அடியில் வைத்துப் பொரிக்கிறார்கள்.

நாட்டுக்கோழிக்கு உண்மையான எதிரி வெள்ளைக்கழிச்சல். கோடையில் ஒரு தெருவின் கோழிகளையே காலிசெய்துவிடும். இதற்கான தடுப்பு மருந்து ராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கிய அரசு நிறுவனத்தில் தயாராகிறது. கால்நடைத் துறை பிப்ரவரியில் முகாம் நடத்துகிறது. கோடைக்கு முன்பே அதைப் போட்டுவிட வேண்டும். நோய் கண்டபின் போட்டுப் பயனில்லை.