மறக்கப்பட்ட பந்துவீச்சாளரின் கையொப்பம்

மாங்குளம், கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் ஊர். யாழ்ப்பாணம் செல்வோர் சற்றே தரித்துச் செல்லும் இடம் அது. கப்பற் பயணக் காலத்திற் கொழும்புத் துறைமுகமும் அத்தகைய தரிப்பிடமாகவே விளங்கிற்று. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே சென்ற துடுப்பாட்ட அணிகள், கப்பல் நின்ற பொழுதிற் கரையிறங்கி ஒருநாள் ஆடிச் செல்லும் வழக்கம் 1882 இல் ஐவோ பிளையின் அணியோடு தொடங்கிற்று. வீரர்களின் கையொப்பம் பெறுவதற்கு இரசிகர்களுக்கு வாய்த்தது அந்த ஒரு நாளே.

1948 மார்ச்சு மாதம் டொன் பிராட்மன் தலைமையில் வந்த அணியைக் கொழும்பு ஓவல் மைதானத்தில் இலங்கை எதிர்த்து ஆடிற்று. இலங்கையின் தலைவர் தமிழரான சதாசிவம். யாவரும் நாடியது பிராட்மனின் கையொப்பத்தையே என்பதில் வியப்பில்லை. ஆயினும் வரலாற்றை ஆராய்வோனுக்கு அது மட்டும் போதாது. பிராட்மன் 1930, 1934, 1938, 1948 ஆகிய நான்கு ஆண்டுகளில் இங்கிலாந்துப் பயணம் மேற்கொண்டவர். ஆண்டு குறிக்கப்படாத தாளில் அவர் பெயர் இருப்பின், அது எப்பயணத்திற்குரியது என எங்ஙனம் துணிவது?

விடை, அதே தாளில் எவரும் பொருட்படுத்தாத பெயரில் உள்ளது. எர்னி டொஷாக் என்னும் இடக்கைப் பந்துவீச்சாளர் பன்னிரண்டு டெஸ்ட் ஆட்டங்களில் 47 விக்கெட்டுகளை வீழ்த்தியவர். முழங்காற் காயத்தால் விரைவில் விலகினார். அவர் இங்கிலாந்து சென்றது 1948 இல் மட்டுமே. பயண அணியின் தாளில் அவர் கையொப்பமும் காணப்படின் ஆண்டு ஐயமின்றித் தெளிவாகும். புகழ்பெற்றவன் தாளுக்கு விலை தருகிறான். மறக்கப்பட்டவனோ அதற்குக் காலம் தருகிறான்.

அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்திலும் இத்தகையோர் உளர். 1951 இல் நெட் கார்வர் என்னும் பந்தெறிவாளர், 102 ஆட்டங்களிற் தோற்ற செயின்ற் லூயிஸ் பிரவுண்ஸ் அணிக்காக இருபது வெற்றிகளை ஈட்டினார். தோற்ற அணியில் ஆடியமையால் அவர் பெயர் மங்கிற்று.

நம் அயலிலும் சான்றுண்டு. 1934 நவம்பர் 4 ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கிண்ணத்தின் முதல் ஆட்டம் நடைபெற்றது. சென்னையின் கோபாலன் முதற் பந்தை வீசினார். ராம் சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்த, மைசூர் ஒரே நாளிற் தோற்றது. பின்னர் அவருடைய மைந்தர் இருவர் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினர். தந்தைக்கு அவ்வாய்ப்புக் கிட்டவேயில்லை. இலங்கை தன் முதல் டெஸ்டை 1982 பெப்புருவரியிலேதான் ஆடிற்று. அதற்கு முன்னர் கோபாலன் பெயரால் வழங்கிய கிண்ணத்துக்காகச் சென்னையோடு மோதிய நம் பந்துவீச்சாளர் பலர்க்கு டெஸ்ட் ஏடுகளில் இடமில்லை.

எனவே அவர்தம் கையொப்பம் வெறும் விளையாட்டுப் பொருளன்று, சான்று. வன்னி மக்கள் போர்க்கால இடப்பெயர்வுகளிற் காணி உறுதிகளையும் புகைப்படங்களையும் இழந்தவர்கள். ஒரு தாள் அழிந்தால் எத்தனை பெயர்கள் அதனோடு அழியும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. எஞ்சிய பெட்டிகளிற் பழைய கையொப்ப ஏடு கிடைக்குமாயின், புகழ்பெற்ற ஒரு பெயருக்காக அதன் பக்கத்தைக் கிழித்தெடுத்தல் தகாது. அருகிலுள்ள பெயர்கள் யாருடையவை என மூத்தோரிடம் வினவி, இடமும் ஆண்டும் தனித்தாளில் எழுதி வைத்தலே முறை. வாசிக்க இயலாத கையொப்பமே முதலில் வினவத்தக்கது.