ஒளியும் காலமும்: மலையகத்தின் பழைய நிழற்படங்கள்

கல்வெட்டையும் செப்பேட்டையும் ஐயுற்று ஆராயும் வரலாற்று மாணவர், நிழற்படத்தைக் கண்டவுடன் அதனை உள்ளது உள்ளவாறு காட்டும் சான்றென ஏற்றுக்கொள்வர். ஆயின் நிழற்படமும் மனிதர் ஆக்கிய ஆவணமே. அது ஆக்கப்பட்ட முறையை அறியாதார் அதன் பொருளையும் பிறழ உணர்வர். இலங்கை மலையகத்தின் பழைய படங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

படப்பெட்டியுட் புகும் ஒளியை அளப்பன இரண்டு. ஒன்று வில்லையின் துவாரம். மற்றையது அது திறந்திருக்கும் நேரம். துவாரத்தின் குறுக்களவு பாதியாயின் உட்புகும் ஒளி காற்பங்காகும். அதனை ஈடுசெய்ய நான்கு மடங்கு நேரம் வேண்டும். துவாரம் அகன்றிருப்பின், குறித்த தூரத்திலுள்ள பொருளே தெளியும். அதன் முன்னும் பின்னும் உள்ளவை மங்கும். சுருங்கியிருப்பின் அண்மையிலுள்ள செடியும் சேய்மையிலுள்ள மலையும் ஒருங்கே தெளியும். நேரம் நீளின் அசைவன யாவும் கலங்கித் தோன்றும்.

இவ்வுண்மைகளை முதுமையை நெருங்கும் பருவத்தில் தாமே பயின்றவர் யூலியா மாகிறெற் கமரன் அம்மையார். 1815இல் கல்கத்தாவிற் பிறந்த இவர், 1863ஆம் ஆண்டு இறுதியில், தமது நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் அளித்த படப்பெட்டியைக் கொண்டு இங்கிலாந்திற் படமெடுக்கத் தொடங்கினார். அகன்ற துவாரமும் நீண்ட நேரமும் அவர் படங்களுக்கு மென்மையான மங்கலைத் தந்தன. அக்காலத்தார் பலர் அதனைப் பிழையென்று இகழ்ந்தனர். முதலில் தற்செயலாக நேர்ந்த மங்கலைப் பின்னர் அவர் வேண்டியே கைக்கொண்டார்.

அவர் கணவர் சாள்ஸ் ஹே கமரன், கோல்புறூக்குடன் இலங்கையில் விசாரணை நடத்திய ஆணையாளர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களோடு தொடர்புடையவர். மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்களும் அவருக்கு இருந்தன. 1875இற் குடும்பம் இலங்கைக்குப் பெயர்ந்தது. 1869இற் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்துவந்த காலம் அது. அம்மையார் 1879 ஜனவரி 26இல் டிக்கோயாவில் கிளென்கேர்ன் தோட்டத்திற் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் இலங்கையில் எடுத்த படங்களுள் ஏறக்குறைய முப்பதே எஞ்சியுள்ளன. அவற்றுட் பல ஊழியரையும் தொழிலாளரையும் களுத்துறைக் குடியானவரையும் காட்டுவன.

அவர் கையாண்டது ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தட்டிற் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து உருத்துலக்கல் வேண்டும். வெப்பநாட்டில் அவ்வீரம் விரைந்து உலரும். தனிமூடி பெரும்பாலும் இல்லை. வில்லையின் தொப்பியைக் கையால் நீக்கி, நேரத்தை எண்ணி, மீண்டும் இடுவர். பல விநாடிகள், சிலவேளை நிமிடங்கள், எதிரிலிருப்பவர் அசையாதிருத்தல் வேண்டும். இமைத்தல் பதியாது, தலை சற்றுத் திரும்பினும் முகம் கலங்கும். மேலும் அத்தட்டு நீல ஒளியை மிகுதியாகவும் செம்மஞ்சள் ஒளியைக் குறைவாகவும் பற்றும். ஆதலின் வானம் வெளிறும். மாநிற மேனி இயல்பினும் கறுக்கும்.

இவற்றை உணராதார் அப்படங்களில் விறைப்பையும் இருளையும் கண்டு, அவற்றை அம்மக்களின் இயல்பெனக் கொள்வர். அச்சமும் உண்மையாய் இருந்திருக்கலாம். ஆயினும் அதனைப் படம் மட்டும் மெய்ப்பிக்காது. விறைப்பு தொப்பி திறந்திருந்த நேரத்தின் விளைவு. இருள் தட்டின் இயல்பு.

1871இல் மடொக்ஸ் அறிவித்த செலற்றின் உலர்தட்டு, அந்நூற்றாண்டின் இறுதியில் விநாடியின் சிறுபகுதியிற் படமெடுக்க வழிசெய்தது. அதன்பின்னரே கொழுந்து கொய்யும் கை, கொய்யும்பொழுதே பதியக்கூடியதாயிற்று. எனினும் கருவி விரைந்தமையால் வேடிக்கை குறைந்ததில்லை. கூடை சுமந்த பெண்கள் நிரையாக நிறுத்தப்பட்டு, அஞ்சலட்டைகளிலும் விளம்பரங்களிலும் அழகுப் பொருளாயினர்.

கங்காணியின் கணக்கேடு கூலியை உரைக்கும். துரையின் குறிப்பேடு விளைவை உரைக்கும். தோட்டத் துரைமார் பலரின் பெயர்கள் நூல்களில் நிலைத்தன. படத்தில் நின்ற தமிழ்த் தொழிலாளரின் பெயர்களோ பெரும்பாலும் எழுதப்படவில்லை. அவர்தம் வழித்தோன்றல்களுக்கு அம்முகங்களே எஞ்சிய ஆவணம். துவாரமும் நேரமும் அறிந்து அவற்றை நோக்குவோர், அசையாது நின்ற அம்மக்களுக்கு நீதி செய்வோராவர்.