ரஹீம் வாத்தியாரும் ரெண்டு தங்கமும்

அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில் பீலேவுக்குச் சிலை இருப்பது பெங்களூர்த் தமிழர் பலருக்குத் தெரியும். கிரிக்கெட் ஊரில் அந்த ஏரியா மட்டும் ஃபுட்பால் பைத்தியம். ஆனால் இந்தியாவுக்கு ஃபுட்பாலில் ரெண்டு தங்கம் வாங்கிக் கொடுத்த பள்ளிக்கூட வாத்தியாரை நம்ம பிள்ளைகளுக்குத் தெரியுமா? 2024-ல் 'மைதான்' இந்திப் படம் வந்த பிறகு கொஞ்சம் பேருக்குத் தெரிந்திருக்கலாம்.

சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்காரர். உஸ்மானியாவில் பி.ஏ. முடித்து ஆசிரியரானவர். சாதர்காட் ஹைஸ்கூலில் விளையாட்டுப் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. 1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கு கோச் ஆனார். அந்த வருடம் தொடங்கி 1954 வரை ரோவர்ஸ் கோப்பை வரிசையாக 5 முறை அவர்களுக்கே!

வாத்தியார் புத்தி எங்கே தெரிகிறது என்றால், பலவீனமான காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று தனியாகப் போட்டி நடத்தியிருக்கிறார். வராத பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுத வைப்பது போல. செகந்திராபாத் அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன் துளசிதாஸ் பலராம். பிராக்டிஸுக்கு வந்து போகக் கையில் காசில்லை. சைக்கிள் செலவுக்குக் காசு கொடுத்து வரவழைத்தார் ரஹீம். நாமோ பி.டி. பீரியடை கணக்கு டீச்சருக்குத் தாரை வார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறோம் :-)

1951 டெல்லி ஆசிய விளையாட்டில் இரானை 1-0 என ஜெயித்து முதல் தங்கம். நம்ம பெங்களூர் அகமது கான் அந்த அணியில் இருந்தார். அடுத்த வருடமே ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று செம அடி. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். 1956 மெல்பர்னில் அதே வாத்தியாரின் அணி ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று நான்காம் இடம் வரை போனது.

1962 ஜகார்த்தா போகும்போது அவருக்கு நுரையீரல் புற்றுநோய். முதல் மேட்ச்சிலேயே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அவரை வெளியே உட்கார வைக்காமல், ஃபார்வர்டாக இறக்கினார் ரஹீம். ஃபைனலில் மறுபடியும் அதே கொரியா. அரங்கம் முழுக்க நமக்கு எதிரான கூச்சல். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1. கூட ஆடியவர்களில் பலராமும் உண்டு.

(1960 ரோம் ஒலிம்பிக் குழுவில் ரஹீமின் மகன் ஹக்கீம் இருந்தார். ஒரு மேட்ச்சிலும் இறங்கவில்லை. கோச் அப்பாதான்.)

1963 ஜூன் 11-ல் ரஹீம் இறந்தார், வயது 53. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் நமக்குக் கிடைத்தது 1970-ல் ஒரு வெண்கலம், அவ்வளவுதான்.