ஏ கம்பெனி, எண் 210

பெரோட்டே கோட்டையிலிருந்து கேப்டன் சாமுவேல் வாக்கர் குதிரைப்படையோடு கிளம்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் வமாந்த்லா சண்டை என்று சொல்லியிருந்தேன். ஆனால் அவர் சேணத்தில் தொங்கிய துப்பாக்கிகளைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1844 ஜூனில் டெக்சாஸில் ஜாக் ஹேஸின் சிறு டெக்சாஸ் ரேஞ்சர் படை, தன்னைவிடப் பல மடங்கு பெரிய கமான்சிக் கூட்டத்தோடு மோதிய சண்டையில் வாக்கர் ஈட்டிக் குத்து வாங்கினார். அவர்களைக் காப்பாற்றியது கோல்ட்டின் ஐந்து குண்டுச் சுழல் துப்பாக்கி. அதைச் செய்த சாமுவேல் கோல்ட்டோ 1842லேயே தொழில் நொடித்துப்போயிருந்தார். வாக்கர்தான் அவரைத் தூக்கிவிட்டார். ஆறு குண்டு வேண்டும், விசைக்குக் காப்பு வளையம் வேண்டும், அடி பலமாக விழ வேண்டும் என்று சொல்லிச் சொல்லி மாற்ற வைத்தார். 1847 ஜனவரியில், மெக்சிகோவோடு நடந்துகொண்டிருந்த போருக்காக, அமெரிக்க அரசு ஆயிரம் துப்பாக்கி கேட்டது. ஒன்றுக்கு 25 டாலர். கோல்ட்டுக்குச் சொந்தப் பட்டறைகூட இல்லை. கனெக்டிகட்டில் இளைய எலி விட்னியின் ஆலையில்தான் வேலை நடந்தது. புகழெல்லாம் கோல்ட்டுக்குப் போய்விட்டது. என் கணக்கில் பாதிக்கு மேல் வாக்கருக்குச் சேர வேண்டியது.

இரண்டு கிலோ கனம், ஒன்பது அங்குலக் குழல். உருளையைச் சுற்றி அந்தக் கமான்சிச் சண்டையே சித்திரமாகப் பொறித்திருக்கும். குறையும் உண்டு. சுட்ட அதிர்வில் குழலுக்கு அடியிலுள்ள மருந்து கெட்டிக்கும் நெம்புகோல் சரிந்து விழும். வீரர்கள் தோல் வாரால் அதைக் குழலோடு கட்டிக்கொண்டார்கள். சில உருளைகள் சுடும்போதே வெடித்தன.

ஒவ்வொன்றிலும் கம்பெனியின், அதாவது படைப்பிரிவின், எழுத்தும் எண்ணும் உண்டு. ஏ முதல் டி வரை தலா 220, ஈ கம்பெனிக்கு 120. அந்த ஆயிரத்தில் ஒன்றான 'ஏ கம்பெனி, எண் 210' 2008இல் மெய்ன் மாநிலத்தில் ஏலத்துக்கு வந்து 9,20,000 டாலருக்குப் போனது. அதை ஏந்திய டெக்சாஸ் வீரர் யார், அவருக்குப் பின் யார் கைக்குப் போனது என்பதெல்லாம் தெரிந்திருந்ததுதான் அந்த விலைக்குக் காரணம். சேகரிப்பாளர் ஒருவர் இன்னொருவருக்கு வாக்கர் துப்பாக்கி விற்கும்போது, வாங்குபவர் முதலில் கேட்பது இந்த வம்சாவளியைத்தான். போலிகள் அத்தனை. அடுத்து எண்கள்: குழல், சட்டம், உருளை எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். பிறகு சித்திரத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார். பளபளவென்று தேய்த்து வைத்திருந்தால் விலை விழும். பழுப்பேறிய அந்த இரும்புத் தோல்தான் அதன் வயதுக்குச் சாட்சி. அதைச் சுரண்டுவதைப் பாவம் என்றே சொல்வேன்.

இந்தத் துப்பாக்கிகள் போன போர், மெக்சிகோவின் மண்ணைப் பறிக்க நடந்த போர். அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. டெக்சாஸ் ரேஞ்சர்கள் அங்கே சாதாரண மக்களுக்குச் செய்த கொடுமைகளும் மறைக்கக்கூடியவை அல்ல. இருந்தும் வாக்கர் என்ற மனிதன்மேல் எனக்குப் பிரியம் விடவில்லை.

தான் கேட்டு வாங்கிய துப்பாக்கி தன் ஆட்கள் கைக்கு வருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ராணுவத்துக்கான பெட்டிகள் வேராகுரூஸ் துறைமுகத்திலேயே தேங்கிக் கிடந்தன. கோல்ட் தனியாக அனுப்பிய ஒரு ஜோடி மட்டும் 1847 அக்டோபர் தொடக்கத்தில் அவர் கைக்கு வந்தது. வமாந்த்லாவுக்கு அப்போது இன்னும் சில நாள்தான்.

(தொடரும்)