பிராட்பாக் வயலின் கோதுமை

இங்கிலாந்தில் ஹார்ப்பெண்டன் என்னும் ஊரை அடுத்த ராதம்ஸ்டெட் பண்ணையில், பிராட்பாக் வயலில், 1843ஆம் ஆண்டு ஜான் பென்னட் லாஸும் ரசாயன சாஸ்திரியான கில்பர்ட்டும் குளிர்காலக் கோதுமையை விதைத்துத் தொடங்கிய பரீட்சை, இன்றளவும் இடையறாது நடந்து வருவது விவசாய சரித்திரத்தின் மகத்தான அதிசயமென்றே கருதுகிறேன். மண்ணுக்குத் தாது உப்புக்களை அளித்தாற் போதும், நைட்ரஜனை ஆகாயமே தந்துவிடும் என்று சாதித்த ஜெர்மானியப் பேரறிஞர் லீபிக்கின் சித்தாந்தத்தை, அம்மோனியா உப்பும் சேர்த்துப் பெற்ற பாத்திகளில் செழித்தும், தாது உப்பு மட்டும் பெற்றவற்றில் மெலிந்தும் நின்ற கதிர்களே மறுத்துரைத்தன. ஆயினும் நைட்ரஜன் மிகுந்தால், பழைய ரகங்களின் நெடிய தாள் கதிரின் பாரம் தாங்காது, ஒரு கோடை மழைக்கே மடிந்து மண்ணில் சாய்ந்துவிடும். குட்டைத்தாள் ரகங்கள் வந்த பின்னரே அவ்வுரத்தை அச்சமின்றி இட வழி பிறந்தது. எருவே காணாத பாத்தியோ இன்றும் ஹெக்டேருக்குச் சுமார் 1 டன் விளைகிறது.