பலகைமேல் நாற்படை: வலிமையும் மெலிவும்

தேர், யானை, குதிரை, காலாள் ஆகிய நான்கும் கூடியது நாற்படை. இலக்கியம் கற்கத் தொடங்கும் மாணவர் இதனை இளமையிலேயே மனனம் செய்துவிடுகின்றனர். ஆசிரியப் பணியில் புகுந்த நாள்முதல் நானும் இந்நான்கு பெயர்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி வந்துள்ளேன். வரிசை தவறாமல் ஒப்புவித்த மாணவனுக்கு முழு மதிப்பெண்ணும் அளித்துள்ளேன்.

அண்மையில், பள்ளி விடுமுறையின்போது, என்னிடம் பயின்று இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். அவன் கையிலிருந்த பெட்டியில் விரலளவே உள்ள சிறு உருவங்கள் வண்ணம் தீட்டி அடுக்கப்பட்டிருந்தன. நீண்ட தாடியும் கோடரியும் உடைய குள்ள வீரர்கள்! இங்கிலாந்தில் 1983-ஆம் ஆண்டு வெளிவந்த 'வார்ஹாமர்' என்னும் மேசைப்போர் விளையாட்டிற்குரிய கற்பனைப் படை அது.

"ஐயா, இவர்களுக்குக் கவசம் உறுதி. எளிதில் புறமுதுகு காட்ட மாட்டார்கள். பீரங்கியும் உண்டு. ஆனால், நடை மெதுவு, குதிரைப்படை கிடையாது, மந்திரவாதியும் இல்லை. விரைந்து வரும் எதிரி பக்கவாட்டில் வளைத்துக்கொண்டால் இடர்தான்" என்று விளக்கினான். பின்னர், "நீங்கள் எங்களுக்குக் கற்பித்த நாற்படைக்கு என்ன மெலிவு, ஐயா?" என்று வினவினான்.

எனக்கு விடை தோன்றவில்லை. இத்தனை ஆண்டுகளும் நாற்படையின் பெருமையைக் கற்பித்தேனே அன்றி, அதன் மெலிவை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வினாவுக்கு நான் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

களத்தில் நாற்படை

நாற்படை முழுமையாகக் களம் கண்ட போர்களுள் ஒன்று, கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸ் மன்னனுக்கும் அலெக்சாந்தருக்கும் நிகழ்ந்தது. போரஸின் அணிவகுப்பில் காலாள் 30,000, குதிரை 4,000, தேர் 300, யானை 200 இருந்தன என்பது கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் தரும் கணக்கு. எண்ணிக்கையைக் கேட்ட அளவில் வெற்றி போரஸுக்கே என்று தோன்றும்.

நிகழ்ந்தது வேறு. மழைக்காலமாதலின் ஆற்றங்கரை சேறாகிக் கிடந்தது. அலெக்சாந்தர் ஆற்றைக் கடந்து வருவதைத் தடுக்க முன்சென்ற போரஸின் மகனுடைய தேர்கள் அச்சேற்றில் சிக்கிப் பயனற்றுப் போயின. உலர்ந்த சமநிலத்தில் விரையும் தேருக்கு ஈரநிலமே பகையாயிற்று. யானைகளோ முதலில் பகைவரைக் கலங்கடித்தன. அவற்றின் அருகில் செல்லக் குதிரைகள் அஞ்சின. ஆயினும், பாகர் வீழ்ந்து, யானைகளும் புண்பட்டு, ஒடுங்கிய இடத்தில் நெருக்குண்டபோது, அவை நண்பர் பகைவர் என்று பாராமல் அனைவரையும் மிதித்துத் துவைத்தன. யானையின் வலிமை அதன் உடலில் இருந்தது. மெலிவு அதன் அச்சத்தில் இருந்தது.

இதனால் யானைப்படை வீண் என்று முடிவுகட்டுதல் பிழையாகும். கி.மு. 301-இல் சிறிய ஆசியாவில் இப்சஸ் என்னுமிடத்தில் ஒரு பெரும்போர் நடந்தது. சந்திரகுப்த மௌரியரிடமிருந்து பெற்ற யானைகளுடன் செலூக்கஸ் அதில் நின்றார். எதிரியின் குதிரைப்படை துரத்திச் சென்ற வேகத்தில் வெகுதொலைவு போய்விட்டது. அது திரும்பி வரும் வழியை யானைகள் அடைத்து நின்றன; செலூக்கஸின் தரப்பு வென்றது. ஜீலத்தில் தோற்ற அதே யானைப்படை, தக்க இடத்தில் நிறுத்தப்பட்டபோது போரின் முடிவையே மாற்றியது.

பலகையில் நாற்படை

இந்நாற்படையைப் பலகைமேல் ஏற்றிய விளையாட்டே சதுரங்கம். சதுர் என்றால் நான்கு. அங்கம் என்றால் உறுப்பு. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் பாணர் இயற்றிய ஹர்ஷசரிதம் என்னும் வடமொழி நூலில் இதனைப் பற்றிய குறிப்பு உண்டு. ஈண்டு வியப்பொன்று காண்க. அந்நூலின் தலைவரான ஹர்ஷ மன்னரின் படையை எண்ணிக் கூறும் சீனப் பயணி யுவான் சுவாங், யானை, குதிரை, காலாள் ஆகிய மூன்றையே கணக்கில் கொள்கிறார். களத்தில் தேரின் காலம் கழிந்துகொண்டிருந்தது; பலகையில் அது கம்பீரமாக ஏறி அமர்ந்தது.

பாரசீகத்தின் வழியே அரபு நாடுகளுக்குச் சென்ற இவ்வாட்டத்தின் விதிகளை அரபு நூல்கள் தெளிவாக உரைக்கின்றன. மூலையில் நிற்கும் தேர் நேர்க்கோட்டில் எத்தனை கட்டமும் செல்லலாம். படையிலேயே மிக வலியது அதுவே. யானை குறுக்காக இரண்டு கட்டம் தாவும். தாவும் ஆற்றல் இருந்தும், 64 கட்டங்களுள் ஒரு யானை மிதிக்கக்கூடியவை எட்டு மட்டுமே. மந்திரி குறுக்காக ஒரே கட்டம் நகர்வார். பலகையில் பாதியை அவர் ஒருபோதும் காண மாட்டார். காலாள் ஒவ்வோர் அடியாக முன்செல்வான், பின்வாங்க வழியில்லை. ஆனால், கடைசிக் கட்டத்தை அடைந்தால் அவனே மந்திரியாவான்.

களத்தில் சேற்றில் புதைந்த தேர் பலகையில் முதலிடம் பெற்றது ஏன்? பலகையில் சேறு இல்லை, மழை இல்லை, மிரளும் யானையும் இல்லை. பெருமையை மட்டும் சொல்லும் பாடமும் இத்தகைய பலகையே என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

கடல் கடந்த தேர்

நம் நாட்டு மாணவர் அறிந்து மகிழவேண்டிய செய்தியொன்றும் உண்டு. சதுரங்கத்தை மலாய் மொழியில் 'சாத்துர்' என்பர். அதன் காய்களுள் 'ராஜா', 'மெந்திரி', 'காஜா' ஆகியவை வடமொழி வழி வந்த பெயர்கள். காலாளாகிய 'பீடாக்' அரபு வழி வந்தது. மூலையில் நிற்கும் காய்க்கு 'தீர்' என்று பெயர். அது தமிழின் 'தேர்' என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பர் அறிஞர். களத்தில் மறைந்த நம் தேர், அண்டை மொழியின் விளையாட்டுப் பலகையில் இன்றும் நின்று கொண்டிருக்கிறது.

நம் நகரங்களில் சீனப் பெரியவர்கள் ஆடும் சதுரங்கத்தையும் நோக்குக. அதிலும் தேரே வலியது. யானையோ பலகையின் நடுவேயுள்ள ஆற்றைக் கடத்தலாகாது. தன் எல்லையைக் காப்பதே அதன் பணி. ஐரோப்பியரோ 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மந்திரியை அரசியாக்கி, பலகையிலேயே பேராற்றல் உடையவளாக உயர்த்தினர். பாதிரியாராக மாறிய யானைக்கும் நெடுந்தொலைவு செல்லும் உரிமை கிடைத்தது.

சேறு பலகைக்கு வந்தது

1780-இல் ஜெர்மானிய நாட்டின் பிரன்சுவிக் நகரில் ஹெல்விக் என்னும் ஆசிரியர் சதுரங்கத்தை அடியொற்றிப் புதியதொரு போர் விளையாட்டை வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்ட அப்பலகையில் மலை, நீர், சதுப்புநிலம் ஆகியவற்றை வெவ்வேறு வண்ணத்தால் காட்டினார். ஜீலம் ஆற்றங்கரையின் சேறு ஒருவாறு பலகைக்கு வந்து சேர்ந்தது! 1824-இல் பிரசிய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் அமைத்த விளையாட்டில் நிலப்படமும் பகடையும் இடம்பெற்றன. 1913-இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் முறையை நூலாக்கினார். 1971-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு விளையாட்டு நூலின் பிற்சேர்க்கை, கற்பனை மாந்தரையும் விலங்குகளையும் களத்தில் இறக்கியது. என் மாணவனின் குள்ளர் படை இவ்வழி வந்ததே.

அக்கற்பனைப் படைகளை அமைத்தோர் ஒன்றை மறக்கவில்லை. ஒவ்வொரு படைக்கும் ஆற்றலோடு குறையையும் சேர்த்தே வகுத்தனர். குறையே இல்லாத படையோடு ஆடுவதற்கு எவர் முன்வருவர்? அவ்வுருவங்களை ஆளும் சிறுவனும் தன் படையின் குறையை மறைக்காமல் என்னிடம் கூறினான். குறை தெரிந்ததனால் அவன் படையை வெறுக்கவில்லை. எங்கே நிறுத்தவேண்டும் என்று கற்றுக்கொண்டான்.

நம் வரலாற்றையும் இவ்வாறு கற்பித்தல் வேண்டும். முன்னோர் பெருமையை அடுக்கிச் சொல்லும் பாடம் தேர்வுக்கு உதவலாம். வினாவொன்று எழுந்தால் விடை கூற உதவாது. அடுத்த முறை இப்பாடத்தை நடத்தும்போது கரும்பலகையில் மூன்று நிரல்கள் வரையக் கருதியுள்ளேன்: படை, வலிமை, மெலிவு. முதல் நிரலை நான் நிரப்புவேன். மற்ற இரண்டையும் மாணவரே நிரப்பட்டும். மெலிவு நிரலை வெறுமையாக விட்ட மாணவனுக்கு இனி முழு மதிப்பெண் இல்லை. அவ்வாறு விட்டு வந்த ஆசிரியனுக்கும் இல்லை.