வேகத்துக்கு ஒரு பள்ளிக்கூடம்



"நம்ம உடம்புக்கு வேகப்பந்து ஒத்துவராது, சுழல்தான் சரி" என்று ஒரு காலத்தில் நம் காரைக்கால் டீக்கடையிலும் பேசுவோம். கபில்தேவை விதிவிலக்கு என்போம். அந்த எண்ணத்தை மாற்றியதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு.

1987-இல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் அங்கே வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியது. அப்போது இயக்குநராக இருந்தவர் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி. அவர் ஆண்டில் சில வாரங்கள் வந்துபோவார். மற்ற நாளெல்லாம் பிள்ளைகளோடு நின்றவர் தலைமைப் பயிற்சியாளர் டி.ஏ.சேகர்.

1973-இல் முதுகெலும்பு முறிவு கண்டு, பந்து வீசும் முறையையே திருத்திக்கொண்டு மீண்டவர் லில்லி. அதனால் அங்கே முதல் பாடம் உடம்பைக் காப்பது. இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் முறுக்கிக்கொண்டால் முதுகு போய்விடும். அதைச் சரிசெய்த பிறகுதான் வேகம்.

ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகிர் கான் எல்லாம் அங்கே பயின்றவர்கள். ஜாகிர் எடுத்தது 311 டெஸ்ட் விக்கெட். வேகப்பந்து வீச ஆசைப்பட்டு வந்த சிறுவன் சச்சினிடம் "மட்டையைக் கவனி" என்றார் லில்லி. அதுவும் ஆசிரியர் வேலைதான்.

சேகர் இந்தியாவுக்கு டெஸ்டில் ஆடியது 1983-இல் 2 ஆட்டம். அவற்றில் விக்கெட் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இத்தனை பேரை ஆளாக்கினார். உங்களில் ஆசிரியர் வேலையில் இருப்பவர்கள், முதல் மதிப்பெண் வாங்காதவர்கள், இதை நினைவில் வையுங்கள்.